முடியாதென்றால் எழுதிக் கொடுக்கச் சொன்ன எலிசபெத் அம்மையாருக்கு

கோலார் தங்கவயலில் காலை ரயிலேறி, விவேக் நகரில் முதல் ஆளாக வந்து அலுவலகக் கதவைத் திறந்தவரே. விதிகளை விடாமல் படித்தவரே, விண்ணப்பங்களை வீணாக விடாதவரே. நம் நர்சிங் கல்லூரியின் உதவித்தொகை, கல்விக்கடன் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி, கண்காணிப்பாளராக இன்று பணி நிறைவு பெறும் எலிசபெத் அம்மையார் அவர்களே, உங்களுக்கு எங்கள் வணக்கம்.

நிர்வாகம் ஆங்கிலத்தில் ஒரு மடலும் கன்னடத்தில் ஒரு மடலும் வாசித்துவிட்டது. இரண்டிலும் உங்களைக் கருணைக் கடல் என்றார்கள். உங்களோடு வேலை செய்த எங்களுக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் சத்தம் போடுகிறவர். ஜூனில் சேர்க்கை தொடங்கினால் செப்டம்பர் வரை யாருக்கும் விடுப்பு தர மாட்டீர்கள். உங்கள் உதவியாளர் லவினா தன் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு நாள் கேட்டபோது, "மாப்பிள்ளை ஓடிப்போக மாட்டாரும்மா, ஸ்காலர்ஷிப் போர்ட்டல் மூடிடும்" என்றீர்கள். பிறகு விடுப்பும் கொடுத்தீர்கள், விழாவுக்கும் வந்தீர்கள். வந்த இடத்தில் மாப்பிள்ளையின் தங்கையைப் பிடித்து, வருமானச் சான்றிதழ் வாங்கியாயிற்றா என்று விசாரித்தீர்கள். இது கருணையா என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெண் இப்போது உதவித்தொகையில் படிக்கிறாள்.

நம் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் கட்டணம் கட்ட வழியில்லை. அரசு உதவித்தொகை உண்டு. அது பெரும்பாலும் தேர்வு முடிந்த பிறகுதான் வரும். படிக்கும் காலத்து வட்டியை அரசே ஏற்கும் கல்விக்கடனும் உண்டு. அதைத் தர வங்கிக்கு மனம் வர வேண்டும். திட்டம் ஒரு பக்கம் இருக்கும், பிள்ளை ஒரு பக்கம் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒரே மேசை உங்களுடையது.

அந்த மேசையை உங்களோடு மூடிவிடலாம், மாணவர்கள் இனி ஒரு செயலியில் கேட்டுக்கொள்ளட்டும் என்று நிர்வாகம் சென்ற மாதம் நினைத்தது. நீங்கள் பரிசு எதுவும் வேண்டாம் என்றீர்கள். "என் சீட்ல ஒரு ஆளப் போடுங்க சார், அது போதும்" என்று மட்டும் கல்லூரிச் செயலாளரிடம் கேட்டீர்கள். அவர் "பாக்கலாம் மேடம்" என்றார். அந்தப் பதிலோடு நீங்கள் படியிறங்கி வந்ததை நாங்கள் பார்த்தோம். அன்று யாரையும் திட்டவில்லை. எங்களுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

உங்களால் எல்லாரையும் காப்பாற்ற முடிந்ததில்லை. கோவிந்தன் என்ற மாணவர் முதலாண்டோடு நின்றுபோனார். கடன் கேட்டுப் போன அவருடைய தந்தையிடம் வங்கியில் "இல்ல, போங்க" என்றார்கள். அவர் திரும்பி வந்துவிட்டார். நீங்கள் முறையிடப் போனபோது, மறுத்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அப்படி ஒருவர் வரவே இல்லை என்று வங்கி சொல்லிவிட்டது. கோவிந்தன் இப்போது நம் கல்லூரியின் இரவுக் காவலர். இந்த மடலை எழுதும் வேலையும் அவரிடம்தான் வந்தது; இரவில் நேரம் இருக்கிறதே என்றார்கள். அவருக்கு உங்கள்மேல் வருத்தமில்லை. ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் எந்த வங்கியிலும் வாய்வார்த்தையை ஏற்றுக்கொள்ளவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் மகா என்ற மாணவிக்கு அதே நிலை வந்தது. அவர் தந்தை ஜெயராமன், ஆனேக்கல்லில் ஒரு கார்மென்ட்ஸில் கட்டிங் மாஸ்டர். இரண்டாமாண்டுக் கட்டணம் கட்டாவிட்டால் தேர்வு இல்லை. விவேக் நகர் வங்கிக் கிளையில், வீடு ஆனேக்கல், அங்கே போங்கள் என்றார்கள். நீங்கள் ஜெயராமனோடு பேருந்தேறி ஆனேக்கல் போனீர்கள். அங்கே நடந்ததை அவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொன்னபடியே எழுதுகிறோம்.

"ஆகல்ல மேடம், முடியாது. பொண்ணு படிக்கறது விவேக் நகர், அங்க கேளுங்க" என்றார் மேலாளர்.

"அங்க கேட்டோம் சார். இங்க வரச் சொன்னாங்க. நடுவுல பஸ்லயே குடியிருக்கறதா?"

"எதுக்கு மேடம் சும்மா ஜகளா?"

"சண்டையே இல்ல சார். முடியாதுன்னா முடியாதுன்னு எழுதி, சீல் போட்டுக் குடுங்க. வாங்கிட்டுப் போயிடறோம்."

"எழுதிக் குடுக்கற வழக்கம் இல்ல."

"அப்ப அப்ளிகேஷன் வாங்கற வழக்கம் இருக்குதா?"

கடனை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது விதி. எழுதிவிட்டால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் ஜெயராமன். "வாங்க மேடம், நான் வட்டிக்கே வாங்கிக்கறேன்" என்று எழுந்தார். "உக்காருய்யா" என்று அவருக்கும் ஒரு அதட்டல் போட்டீர்கள்.

மதியம் ஆனது. வாடிக்கையாளர் சோபாவிலேயே டிபன் பாக்ஸைத் திறந்தீர்கள். புளிசாதத்தில் பாதியை மூடியில் வைத்து ஜெயராமனிடம் நீட்டினீர்கள். மேலாளர் அறையை விட்டு ஓடி வந்தார்.

"மேடம், இங்க ஊட்டா எல்லாம் பண்ணக் கூடாது."

"அதையும் எழுதிக் குடுத்துடுங்க சார்."

பணம் எண்ணிக்கொண்டிருந்த காசாளர் சிரித்து, எண்ணிக்கையை விட்டுவிட்டாராம். மேலாளர் விண்ணப்பத்தை வாங்கினார், வாங்கியதற்குக் கையெழுத்தும் போட்டார். தேர்வுக்கு முன்பே கடன் வந்தது. மகா இன்று ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியர். கடன் முழுவதையும் அடைத்துவிட்டு, இதோ இரண்டாவது வரிசையில் தந்தையோடு உட்கார்ந்திருக்கிறார். அந்த மேலாளர் பின்னாளில் பிரேசர் டவுன் கிளைக்கு மாற்றலாகி வந்ததும், முதல் வேலையாக உங்களுக்குத் தொலைபேசினார். "நீங்க வரவே வேணாம் மேடம், பிள்ளைங்கள மட்டும் அனுப்புங்க" என்றார். நிர்வாகம் வாசித்த இரண்டு மடல்களையும்விட இதைத்தான் நாங்கள் பெரிய பாராட்டாக நினைக்கிறோம்.

இனி அந்தப் 'பாக்கலாம்' பற்றி.

சென்ற வாரம் நாங்கள் ஐந்து பேர் உங்களிடம் சொல்லாமல் மாடி ஏறினோம். செயலாளர், "பட்ஜெட் இல்லப்பா, அதான் பாக்கலாம்னு சொல்லிட்டேனே" என்றார்.

"மேடம் சீட்ல இனி ஆள் இல்லன்னு எழுதிக் குடுத்துடுங்க சார். கீழ நோட்டீஸ் போர்டுல ஒட்டிடறோம், பிள்ளைங்க வந்து ஏமாற வேணாம்" என்றார் லவினா.

செயலாளர் சிரித்தார். அப்புறம் எங்கள் கைகளைப் பார்த்தார். ஐந்து பேர் கையிலும் டிபன் பாக்ஸ் இருந்தது. சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் அறை சோபா புதியது.

லவினா உங்கள் மேசையில் பணியாற்றுவார் என்ற ஆணை அன்று மாலையே கையெழுத்தானது. அதன் நகலை இந்த மடலோடு இணைத்திருக்கிறோம். நீங்கள் கேட்ட பரிசு அதுதான். ஓராண்டுக்கு மட்டும் என்று போட்டிருக்கிறது. ஓராண்டு முடிந்தால் மறுபடி மாடி ஏறுவோம், வழி தெரிந்துவிட்டது.

எலிசபெத் அம்மையார் அவர்களே, சேர்க்கை முடியட்டும், சேர்க்கை முடியட்டும் என்று தள்ளிப்போட்ட முழங்கால் வலிக்கு இனியாவது மருத்துவரைப் பாருங்கள். காலை ரயிலைப் போகவிட்டு, விடிந்த பிறகும் தூங்குங்கள். லவினா அழைத்தால் மட்டும் தொலைபேசியை எடுங்கள். நோயில்லாமல், யாருக்கும் பயப்படாமல், சத்தமாகவே நெடுநாள் வாழுங்கள்.

இவற்றில் எதுவும் முடியாது என்றால், எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் திட்டு வாங்கிய
அலுவலக ஊழியர்களும் காவலர்களும்,
விவேக் நகர், பெங்களூரு.