குதிக்காத காலை

இந்தப் புதிய மண்டபத் திறப்பு விழாவுக்குத் தலைமையேற்று, எனக்குப் பதினைந்தே நிமிடம் என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்ட நகரமன்றத் தலைவர் அம்மையார் அவர்களே! மேட்டுப் படி அத்தனையும் ஏறிவந்து, மூச்சிரைப்பை மறைத்து முன்வரிசையில் முறுவலித்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! மடியில் ஒன்று, தோளில் ஒன்று, கைநழுவி ஓடிப்போனது ஒன்று என்று மழலைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே! சாம்பலைக் கூட்டி ஊரை மீட்ட கரங்களுக்குச் சொந்தக்காரர்களே! சுவரில் சாய்ந்தபடி இவன் எப்போது முடிப்பான் என்று பார்த்திருக்கும் இளைஞர்களே! எல்லோருக்கும் மேலாக, என் மனைவியைப் பெற்றதாலும் என்னைத் திட்டித் திட்டியே வளர்த்ததாலும் இருமுறை வணக்கத்துக்குரிய என் மாமியார் அவர்களே! உங்கள் அனைவருக்கும் மலையளவு வணக்கம்.

மலை என்றதும் ஏன் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்புகிறீர்கள்? மேடையேறுவதற்கு முன் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். தூங்குகிறது.

நான் நில அறிவியல் படித்தவன். இந்த எரிமலைக்கு நாடி பிடிப்பவன். மலை மூச்சுவிட்டால் அந்த மூச்சில் கந்தகம் எவ்வளவு என்று அளப்பேன். மலையின் வயிறு உப்பினால் எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பேன். மலை நடுங்கினால் அந்த நடுக்கத்தைக் காகிதத்தில் கோடாக வரையவைப்பேன். அழுகிய முட்டை நாற்றத்தோடு வீடு திரும்புகிறவனை எந்த மனைவி வாசலில் நின்று வரவேற்பாள்? என் மனைவி வரவேற்பாள், பின்வாசலில், ஒரு வாளித் தண்ணீரோடு.

பாறையே குழம்பாகக் கொதிக்கும் அந்த ஆழத்தைப் போய்ப் பார்த்தவர் உண்டா? யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். யானையைப் பார்க்க எங்களுக்கு வழியில்லை, அதனால் மணியோசைக்குக் காது கொடுத்துக் காத்துக்கிடக்கிறோம். அதுதான் ஐயா எங்கள் விஞ்ஞானம்.

அப்படிப்பட்ட மலையடியில் ஏன் குடியிருக்கிறீர்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். ஏன் இருக்கக்கூடாது? போட்டதெல்லாம் பொன்னாக விளைகிற கரிய மண்ணை யார் தந்தது? குழாயைத் திறந்தால் கொட்டுகிற வெந்நீரை யார் காய்ச்சியது? நம் வீட்டுச் சுவரில் இருக்கும் கல்லை யார் வார்த்தது? எல்லாம் அந்த மலை. கொடுக்கிற கை ஒருநாள் ஓங்கவும் செய்யும். அது எப்போது ஓங்கும் என்று பார்த்துச் சொல்லத்தான் என்னை வைத்திருந்தீர்கள்.

பார்த்தேனா? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை மலை லேசாக முனகியது. நான் மணியடித்தேன், ஊதல் ஊதினேன், ஊரையே காலி செய்யவைத்தேன். மூன்று நாள் பள்ளிக்கூட பெஞ்சில் படுத்தீர்கள். மூன்றாம் நாள் மலை ஒரு கெட்டில் அளவுக்கு ஆவி விட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. வீடு திரும்பினால் அவிழ்ந்து திரிந்த ஆடுகள் ஊரை மேய்ந்திருந்தன. என் மாமியாரின் பன்னிரண்டு தொட்டித் தக்காளியையும் காம்புவரை தின்றிருந்தன. அன்று ஊர் எனக்கு ஒரு பட்டம் கொடுத்தது. என்ன பட்டம்? யாரங்கே, சத்தமாகச் சொல்லுங்கள். ஆமாம், "புலிவருது". கடைக்குப் போனால், "வாங்க புலிவருது, என்ன வேணும்?" முடிவெட்டப் போனால், "புலிவருது சாருக்கு ஒரு நாற்காலி போடுப்பா." என் மாமியார் அந்தப் பட்டத்தைக்கூடச் சொல்லவில்லை. ஆறு மாதம் என்னோடு பேசவேயில்லை. என்னைப் பற்றி ஊர் முழுக்கப் பேசினார், என்னோடு மட்டும்தான் பேசவில்லை.

அவர் யார் என்று அறியாதவர் இங்கே யார்? உங்களில் பாதிப்பேருக்கு உடற்பயிற்சி ஆசிரியை. ஓய்வு பெற்றதும் ஓய்ந்துவிடுவார் என்று நினைத்தோம். ஓய்வாவது, சாய்வாவது? எங்கள் ஆய்வு நிலையம் இருந்த அதே கட்டடத்தின் மாடியை எடுத்து, பெண்களுக்குக் குதிக்கும் பயிற்சி தொடங்கினார். தினமும் காலை ஆறு முதல் ஏழு வரை, முப்பத்தெட்டுப் பெண்கள், எழுபத்தாறு பாதங்கள், நொடிக்கு இரண்டு குதி. கீழே நிலவறையில் என் நடுக்கமானி.

மலைக்குள் குழம்பு மேலேறும்போது மலை நடுங்கும். அந்த நடுக்கமும் ஏறக்குறைய நொடிக்கு இரண்டுதான். பயிற்சி தொடங்கிய முதல் நாள் ஊசி தாறுமாறாகத் துள்ளியது. நான் செருப்பைக்கூட மாட்டாமல் மாடிக்கு ஓடினேன், எல்லோரையும் வெளியேற்றுவதற்கு. கதவைத் திறந்தால் என் மாமியார் அந்தரத்தில் நிற்கிறார். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. அத்தை, மன்னிக்கவேண்டும், உண்மையைத்தானே சொல்கிறேன்.

இதற்கு நான் என்ன செய்தேன்? படித்தவனின் புத்தியைப் பாருங்கள். தினமும் ஆறிலிருந்து ஏழுவரை வருகிற நடுக்கத்தைத் தூக்கி எறி என்று கணினிக்குக் கட்டளை போட்டேன். அந்த ஒரு மணி நேரமும் திரையில் ஒரு நேர்கோடு, வழவழவென்று. மேலே எழுபத்தாறு பாதங்கள் பாறையை உடைக்கும். கீழே நான் நேர்கோட்டைப் பார்த்து நிம்மதியாகத் தேநீர் குடிப்பேன்.

மலைச்சரிவில் வேறு கருவிகள் இல்லையா என்று மூன்றாம் வரிசையில் ஒரு தாய் கேட்கிறார். நல்ல கேள்வி அம்மா, ஊரில் யாரும் இதுவரை கேட்கவில்லையே என்று நிம்மதியாக இருந்தேன். இரண்டு இருந்தன. ஒன்றின் மின்கலம் தீர்ந்துபோயிருந்தது. இன்னொன்றின் கம்பியை எலி கடித்திருந்தது. மலையைக் கெல்லி எலியைப் பிடித்தவர்கள் உண்டு. மலைமேல் எலியிடம் மாட்டிக்கொண்டவன் நான் ஒருவன்தான்.

போன ஆண்டின் அந்தக் காலைக்கு வருகிறேன்.

முந்திய நாள் மாடித் தரைக்கு வார்னிஷ் அடித்திருந்தார்கள், காயவில்லை. வந்த பெண்களையெல்லாம் என் மாமியார் தெருவிலேயே நிறுத்திவிட்டார். அவர்களும் வீடு திரும்பாமல் கூடி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தெட்டுப் பெண்களுக்கு எதிர்பாராமல் ஒரு மணி நேரம் கிடைத்தால் வேறென்ன செய்வார்கள்? மாடிச் சாவியை என்னிடம் கொடுத்துவைக்க என் மாமியார் நிலவறைக்கு இறங்கி வந்தார். மணி ஆறு இருபது. நான் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன், கையில் கோப்பை. என் முதுகுக்குப் பின்னால் பழைய காகித உருளை சுழல்கிறது. அதற்குக் கட்டளையும் தெரியாது, கணினியும் தெரியாது, நடுங்கினால் கிறுக்கும். சாவியை மேசையில் வைத்தவர் அந்த ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊசி துள்ளிக்கொண்டிருந்தது.

அவர் கேட்டார்: "மாப்பிள்ளை, நாங்க இன்னைக்குக் குதிக்கவே இல்லையே. அப்போ இது யாரு குதிக்கிறது?"

என் அவையோரே, அன்பு உடன்பிறப்புகளே, எத்தனை ஏடுகள் படித்தேன்! எத்தனை ஆய்வுகள் முடித்தேன்! எத்தனை மேதைகள் முன் மார்தட்டினேன்! அந்த ஒரு கேள்வியை நான் கேட்கவில்லையே! கேட்க முடியாதபடி என் கையாலேயே ஒரு கோடு போட்டு மூடிவைத்திருந்தேனே!

கட்டளையை நீக்கினேன். திரையில் கோடு கிறுக்குப் பிடித்ததுபோல் எழும்பியது. மலையேதான். ஆறேகாலிலிருந்து மொத்தம் நாற்பது நிமிடம் நடுங்கியது. சரியாக ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, அடங்கியது. முழு அமைதி. வெடிக்கப்போகும் மலைகள் சில, வெடிப்பதற்கு முன் மூச்சடக்குவதுண்டு. புரிகிறதா? சாவி கொடுக்க அவர் வராமல் இருந்திருந்தால், ஏழு மணிக்கு என் திரையில் என்ன தெரிந்திருக்கும்? ஒரு நேர்கோடு. இங்கே உட்கார்ந்திருக்கும் இரண்டாயிரத்து நூற்றுப் பத்துப் பேரும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்திருப்போம்.

இப்போது ஊரை எழுப்பவேண்டும். யார் சொல்வது? புலிவருதுவா? நான் மணியடித்தேன். ஜன்னல் ஒன்று திறந்து, "சார், இந்தத் தடவை ஆட்டைக் கட்டிட்டுப் போகலாமா?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டது. சொன்னவர் இங்கேதான் இருக்கிறார், காட்டிக்கொடுக்க மாட்டேன்.

என் மாமியார் தெருவில் நின்ற முப்பத்தெட்டுப் பேரையும் ஆறு தெருவுக்குப் பிரித்தார். எல்லோர் காலிலும் ஓடுகிற சப்பாத்து. முதல் கதவு பக்கத்து ரொட்டிக்கடை. கடைக்காரர் அடுப்பைவிட்டு அசையவில்லை. உங்கள் மருமகன் பேச்சைக் கேட்டு ஒருமுறை மூன்று நாள் மாவு புளித்தது போதும் என்றார். அதற்கு என் மாமியார் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"என் மாப்பிள்ளையை நம்பச் சொல்லலை. நானே நம்பமாட்டேன். காலையிலே உங்க தட்டெல்லாம் கடகடன்னு ஆடிச்சா இல்லையா? நாங்க குதிக்கிறோம்னுதானே நினைச்சீங்க? வெளியே வந்து பாருங்க. மாடி பூட்டிக்கிடக்கு."

அவர் வெளியே வந்தார். பூட்டைப் பார்த்தார். உள்ளே திரும்பித் தட்டுகளைப் பார்த்தார். அடுப்பை அணைத்தார், ரொட்டி வண்டியைக் கிளப்பினார்.

அந்த ஒரு சொல் ஆறு தெருவிலும் தீயாகப் பரவியது. "நாங்க குதிக்கலை." கதவு தட்டினார்கள், "நாங்க குதிக்கலை" என்றார்கள். அவ்வளவுதான், மேலே விளக்கம் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் அன்று காலை அலமாரிப் பாத்திரம் ஆடியிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் டீச்சர் தொடங்கிவிட்டார் என்று நினைத்துப் புரண்டு படுத்திருந்தார்கள். மருமகனைத் திட்டுவதையே தொழிலாக வைத்திருக்கும் அம்மாவே சொல்கிறார் என்றால் விஷயம் பெரிது என்று மூட்டை கட்டினார்கள். அத்தை, நீங்கள் என்னை அத்தனை காலம் திட்டாமல் இருந்திருந்தால் அன்று இந்த ஊர் பிழைத்திருக்காது. இதை என் மனைவி முன்னிலையில் ஒப்புக்கொள்கிறேன்.

பத்து மணிக்கு மேட்டுப் பள்ளியில் தலை எண்ணினார்கள். ஒரு தலை குறைந்தது. யார்? நான்தான். அந்தக் காகித உருளையை எடுக்க நிலவறைக்குத் திரும்பியிருந்தேன். பாருங்கள், விஞ்ஞானியின் வீரத்தை! ரொட்டி வண்டியை எடுத்துக்கொண்டு என் மாமியார் இறங்கிவந்தார், சட்டைக் காலரைப் பிடித்தார், வண்டியில் ஏற்றினார். வழி நெடுக ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த மௌனத்தைப்போல எந்த மலையும் என்னைப் பயமுறுத்தியதில்லை. பள்ளி வாசலில் இறங்கும்போது மட்டும், "என் பொண்ணு அழுதுட்டிருக்கா, போய் முகத்தைக் காட்டுங்க" என்றார். திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணும் நனைந்திருந்தது. நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை, இப்போதுதான் அவருக்கே தெரிகிறது.

பத்து ஐம்பதுக்கு மலை வெடித்தது. கொதிக்கும் சாம்பல் ஓடை வழியே இறங்கி, கீழ்த்தெரு இரண்டையும், ரொட்டிக்கடையையும், எங்கள் நிலையத்தையும், காயாத வார்னிஷையும் மூடியது. மற்ற நான்கு தெருவிலும் கூரை இடியச் சாம்பல் கொட்டியது. கட்டடங்கள் போயின. உயிர் ஒன்று போனதா? ஒன்றுகூட இல்லை. ஆடுகூட இல்லை, இந்த முறை கட்டி இழுத்து வந்துவிட்டீர்கள்.

இன்று எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்திருக்கிறீர்கள். நிலைய அதிகாரியின் கூர்மையான கவனத்தால் ஊர் காக்கப்பட்டது என்று இதில் அச்சடித்திருக்கிறது. தலைவர் அம்மையார் மன்னிக்கவேண்டும், இதை நான் வாங்கமுடியாது. என் கவனம் அன்று தேநீரில் இருந்தது. நானே எழுதி அனுப்பிய அறிக்கையிலும் நிலையம் கண்டறிந்தது என்று கூசாமல் எழுதியிருந்தேன். நேற்று அதை அடித்துத் திருத்தினேன். கண்டறிந்தவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இப்போது என் மாமியார் பெயர் இருக்கிறது. எச்சரித்தவர்கள் என்ற இடத்தில் முப்பத்தெட்டுப் பெயர்கள் இருக்கின்றன. தாளில் இடம் போதவில்லை, இன்னொரு தாள் ஒட்டினேன்.

கைதட்டல் போதும், போதும். அந்தக் கைதட்டலைக் காலுக்கு மாற்றுங்கள். ஏனென்றால் கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. இந்த மண்டபத்துக்கு அடியில் புதிய நடுக்கமானி பொருத்தியிருக்கிறோம், இன்று காலைமுதல் ஓடுகிறது. மாடியில் நாளைமுதல் மறுபடியும் பயிற்சி. அந்த ஒரு மணி நேரத்தை வெட்டி எறியும் கட்டளையை இனி நான் எழுதமாட்டேன். மனிதர் குதித்தால் எப்படி இருக்கும், மலை குதித்தால் எப்படி இருக்கும் என்று இந்தக் கருவி பிரித்தறியப் பழகவேண்டும். யார் பழக்குவது? இந்த ஊர் பழக்கட்டும்!

எழுந்திருங்கள், எல்லோரும் சேர்ந்து குதிக்கப்போகிறோம்! பெரியோர்களே, முழங்கால் வலித்தால் கைத்தடியால் தட்டுங்கள். தாய்மார்களே, குழந்தையை இறுக்கிப் பிடியுங்கள். மேடை போட்ட தச்சரே, முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வேலைமேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. சாம்பலுக்கு அடியில் கிடந்திருக்கவேண்டிய இரண்டாயிரத்து நூற்றுப் பத்துப் பேர் உயிரோடு நிற்கிறோம் என்று அந்த ஊசிக்குத் தெரியட்டும்!

பொறுமையோடு கேட்ட செவிகளுக்கும், பதினைந்து நிமிடம் முடிந்தும் கடிகாரத்தைத் திருப்பி வைத்த தலைவர் அம்மையாருக்கும் நன்றி. எல்லோரும் நீடு வாழ்க, வணக்கம்.

அத்தை, மேடைக்கு வாருங்கள். எண்ணிக்கை உங்களுடையது.