விளக்குப் போட்டதும் போன சட்டை

கோபிக்குப் போகும் இரவு பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் கல்லூரிப் பெண்கள் இருவர், அக்காவும் தங்கையும், தூங்கி வழிந்துகொண்டு வந்தார்கள். நாற்றுப் பண்ணையில் வெயிலுக்குக் கட்டும் பச்சை நிழல்வலை ஒரு சுருள் அக்காவின் மடியில் கிடந்தது.

"லைட்டப் போட்டதும் என்ற சட்டை காணாமப் போச்சுக்கா" என்றாள் தங்கை.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

"சட்டைன்னு தனியா ஏது கண்ணு? ஒத்த லைட்டுல வலையோட நிழலு உன்ற மேல உளுந்துச்சு, அதுதான சட்டை. அதுக்குத்தான ஃபேஷன் டிசைன் கிளாஸ்ல எனக்கு மார்க்கு."

"இருட்டுல எல்லாரும் நல்லாருக்குதுன்னுதான் சொன்னாங்க. கட்டம் போட்ட சேலையாட்ட இருந்துச்சாம்."

"நெசமா இருந்துச்சு. சீஃப் கெஸ்ட் அந்நேரத்துக்கு உள்ள வருவாருன்னு நான் கண்டனா? போட்டோ எடுக்கோணும்னு அத்தன லைட்டையும் போட்டுப்போட்டாங்க."

"தோல் கலர்ல ஒட்டுன பனியனோட நடு மேடையில நிக்கறேன். கைய எங்க வெக்கறதுன்னு தெரியல. ஒருத்தரும் ஆஃப் பண்ணலியேக்கா."

பஸ் சத்தியமங்கலத்தைத் தாண்டியது. அக்கா வலையை மடியில் இறுக்கிக்கொண்டு, "ஒரு துண்டாச்சும் எடுத்தாந்திருக்கோணும். என்ற தப்புதான்" என்றாள்.

"துணிக்கு அங்க என்னக்கா பஞ்சம்?" தங்கை கண்ணைத் திறக்கவில்லை. "கோட்டு சூட்டோட வந்த மனுசனுக்குப் பொன்னாடை மேல பொன்னாடையா போத்துனாங்க. நான் பக்கத்துலதான நின்னேன்."