வயிறு கழுவுதல்

ஊசி என்றால் எனக்கே பயம். சின்ன வயதில் தடுப்பூசி போட்ட அன்று கட்டுகஸ்தோட்டை முழுக்கக் கேட்க அழுதேன் என்று உம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார். அதனால்தான் என் ஊசியை முடிந்தவரை மெல்லியதாகச் செய்வித்தேன். உங்கள் விசாரணைக் குழுவில் பெண் நோயியல் படித்தவர் யாரும் இல்லாததால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

கர்ப்பப்பையில் வரும் கட்டிகள் பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. அபூர்வமாக ஒன்று புற்றாக இருக்கும். அது தசைக்குள் பதுங்கியிருப்பதால், உட்புறத்தைச் சுரண்டி எடுக்கும் வழக்கமான சோதனையில் அநேகமாக அகப்படாது. ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியைக் கட்டிக்குள் செலுத்திச் செல்களை எடுத்தால் அகப்படும். அதை நிரூபிக்கத்தான் இத்தனை பாடுபட்டேன். ஆனால் அப்படியொரு நோயாளி கிடைப்பது குதிரைக் கொம்பு.

இரத்தினம்மா வந்தார். தெல்தோட்டைப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். மகள் கலாராணிக்குக் கண்டியில் துணிக்கடையில் வேலை. முதல் ஊசியிலேயே அந்தச் செல்கள் அகப்பட்டன. சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்க மாட்டேன்.

ஒருமுறை அகப்பட்டால் அதிர்ஷ்டம் என்பார்கள். ஆகவே மறுபடி மறுபடி வரச் சொன்னேன். ஊசியின் கோணத்தை மாற்றினேன், ஆழத்தை மாற்றினேன். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய முறையில் சுரண்டியும் எடுத்தேன். சுரண்டியதில் ஒவ்வொரு தடவையும் ஒன்றுமில்லை என்றே வந்தது. அந்த முடிவைத்தான் அவரிடம் சொன்னேன். அது பொய்யல்ல.

நம் பக்கத்தில் சுரண்டி எடுப்பதை வயிறு கழுவுவது என்பார்கள். கழுவக் கழுவக் கெட்டது போய்விடும் என்று இரத்தினம்மா நம்பினார். நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவர் சொன்னபோது திருத்தவும் இல்லை.

"போன தடவ கழுவுனதுல வயிறு லேசா இருக்குங்க டொக்டரம்மா. இன்னொருக்கா கழுவிட்டீங்கன்னா மலைக்கு வேலைக்குப் போயிருவேன்" என்பார். எனக்கென்று கொய்யாப்பழம் கொண்டு வருவார். அவர் வரும் நாளை நானும் எதிர்பார்த்திருப்பேன்.

பிறகு இருமல் வந்தது. புற்று நுரையீரலுக்குப் போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது. அன்று அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்து, அன்றும் செல் எடுத்தேன்.

செத்த வீட்டில் கலாராணி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அம்மாவ இத்தன தடவ கழுவுனீங்களே டொக்டர், பொறகு எப்படி மிச்சம் இருந்துச்சு?" அதன்பிறகுதான் அவள் முறைப்பாடு கொடுத்தாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

இப்போது என் ஊசி தவறுவதில்லை. இனி வரும் பெண்களுக்கு முதல் நாளே தெரிந்துவிடும். உடனே கர்ப்பப்பையை எடுத்துக் காப்பாற்றப் பார்க்கலாம். இரத்தினம்மாவுக்கும் முதல் நாளே தெரிந்ததே, அவருக்கு ஏன் எடுக்கவில்லை என்கிறீர்கள்.

எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் அவர் மறுபடி என்னிடம் வந்திருக்க மாட்டார்.