லைன் நிற்கக் கூடாது

டீ பிரமாதம், மேடம். எங்கள் ராஜபாளையத்தில் இஞ்சியை இடித்து அள்ளிப் போட்டு நாக்கைப் பதம் பார்த்துவிடுவார்கள். இந்த டீக்காகவே அடிக்கடி ஸ்ரீவில்லிபுத்தூர் வரலாம் போலிருக்கிறது. போலீஸ் கூப்பிட்டால் யாராவது ஜன்னலோர சீட் பிடித்துக் காற்று வாங்கிக்கொண்டு வருவார்களா? நான் வந்தேன்.

பெயர் ஆஸ்டின். மில்லில் டிஸ்பாட்ச் மேனேஜர். நாங்கள் நெய்வது வேட்டி துண்டு இல்லை. காரில் ஏர்பேக் என்று ஒன்று இருக்கிறதே, மோதினால் பொசுக்கென்று உப்பி ஆளைக் காப்பாற்றுமே, அதற்கான துணி. நூல் தைவானிலிருந்து வரும். துணி இங்கே. தையல் ருமேனியாவில். கார் ஜெர்மனியில். இதில் எவனும் கூடுதலாக ஒரு ரோல் கையிருப்பு வைத்துக்கொள்ள மாட்டான். குடோன் வாடகை மிச்சமாம். ஆக, இங்கே ஒரு கண்டெய்னர் கப்பலைத் தவறவிட்டால் அங்கே கார் கம்பெனியில் வண்டி பூட்டுகிற லைன் நின்றுவிடும். நான் பொறுப்பேற்றதிலிருந்து ஒருநாளும் நின்றதில்லை. கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற மாதிரி ஓடியாடிச் செய்வேன். எனக்கு அந்த வேலை அவ்வளவு பிடிக்கும்.

அந்தப் புரட்டாசியில் நூல் தாமதமாக வந்தது. தறிகள் விடாமல் ஓடின. ரோல்களைக் கண்டெய்னரில் ஏற்றியது பாண்டிதுரை. சோழபுரத்துக்காரன், தங்கமான பையன். "இன்னொரு ஷிப்டும் பாருலே" என்றால் "சரி சார்" என்பான். அதற்கடுத்த ஷிப்டும் அவனே பார்த்தான். கடைசியில் ரோல்கள் அசையாமலிருக்க பெல்ட் கட்ட உள்ளே போனவன், ரோல்களுக்கு இடையில் சாய்ந்து அப்படியே அசந்துவிட்டான். சத்தியமாக நான் கவனிக்கவில்லை. கதவை மூடி சீல் போட்டேன்.

அந்த சீல் பொல்லாதது. நம்பரைக் கஸ்டம்ஸ் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் வழியில் யாரும் தொடக் கூடாது. வெட்டினால் புது சீல், புதுப் பேப்பர், மறுபடி முதலிலிருந்து. அதற்குள் தூத்துக்குடியில் கேட்டை அடைத்துவிடுவார்கள்.

டிரைவர் முத்து முகம்மது இறங்கி வந்தார். "சார், உள்ள யாரோ தட்டுற மாதிரி கேக்கு."

"ரோல் உருண்டிருக்கும் பாய். நீங்க வண்டிய எடுங்க."

எடுத்துவிட்டார். பாவம், அவரை ஒன்றும் செய்துவிடாதீர்கள்.

பொறவு பாண்டிதுரையின் மனைவி கார்த்திகா வந்தாள். அவளும் எங்கள் தறியில்தான் வேலை. எல்லாரும் போனைக் கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

"சார், அவியளப் பாத்தியளா? போனு இன்னும் கேட்லயே கெடக்கு."

"புரட்டாசி சனிக்கிழமைல்லம்மா. நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக்குப் போயிருப்பான். பெருமாளக் கும்பிட்டுட்டு சாவகாசமா வருவான் பாரு. ஒன்னையும் கூட்டிட்டுப் போகலன்னு கோவமாக்கும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கலங்கி வருகிறவர்களைச் சிரிக்க வைத்து அனுப்புவது என் சுபாவம். அப்போது லாரி சங்கரன்கோவிலைக்கூடத் தாண்டியிருக்காது. ஒரு போன் போட்டிருக்கலாம். நினைத்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் துறைமுகத்தில் எம்புட்டு அதிகாரிகள் இருக்கிறார்கள், யாராவது காது கொடுக்க மாட்டார்களா? அவர்கள் வேலையை நான் ஏன் பார்க்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

யாருக்கும் கேட்கவில்லை. கதவை ருமேனியாவில்தான் திறந்தார்கள். அந்த ஊர்ப் போலீஸ் வந்து, பிணம் கிடந்த கண்டெய்னர் என்று ஒரு ரோலைக்கூட எடுக்க விடவில்லையாம். ஜெர்மனியில் லைன் நின்றுவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன், அந்தச் செய்தி வந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு பாடுபட்டும் நின்றுவிட்டதே.

நீங்கள் கேட்பது புரிகிறது. வண்டி கிளம்பும்போதே உள்ளே இருப்பது அவன் என்று எனக்குத் தெரியுமா? தெரியும், மேடம். "ஆஸ்டின் சார்" என்று பெயரைச் சொல்லியே கூப்பிட்டான். குரலில் துளிகூடக் கோபம் இல்லை. டிரைவருக்கு "ரைட்" சொல்ல, வழக்கம்போலக் கண்டெய்னரின் பக்கவாட்டில் கையால் ரெண்டு தட்டுத் தட்டினேன். உடனே உள்ளே அவன் தட்டுவதை நிறுத்திவிட்டான். சாருக்குக் கேட்டுவிட்டது, திறந்துவிடுவார் என்று நினைத்திருப்பான். பையனுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை, மேடம்.