வீணைக்குப் பக்கத்தில் ஓரிடம்

— எச்சில்னா எச்சில்தான். உங்க மவுத் ஆர்கனைக் கொண்டுபோய் சரஸ்வதிக்கு முன்னால வெக்க நான் சம்மதிக்க மாட்டேன், ஆமா.

— கேட்டயா அனந்தம், ஸ்நேகாவோட லேப்டாப் முதற்கொண்டு பூஜை மணையில ஏறியாச்சு. ரயில்ல அதும் மேலயே தட்டை வெச்சுண்டு சாப்பிட்டேன்னு உன் பொண்ணே சொன்னா.

— அதைத் துடைச்சேன்.

— இதையும் துடை.

— துடைச்சா வெளியில இருக்கறது போகும். உள்ள இருக்கறது? நீங்க இதை ஊதறது மட்டுமா, இழுக்கவும் செய்யறேளே. போன எச்சில் திரும்பி வரது, வந்தது திரும்பிப் போறது.

— புல்லாங்குழலும் வாயாலதானே வாசிக்கறா? அதை யாராவது வேண்டாம்னாளா?

— குழல்ல உதடு மட்டும் படும், காத்து ஒரு வழியாப் போயிடும். நீங்க இதைக் கடிச்சுத் திங்கற மாதிரின்னா வெச்சுக்கறேள். நேத்து வீணைப் பாடத்துக்கு வந்த மீரா கேக்கறா, டீச்சரே, பட்டாபி சார் உள்ள சோளம் திங்கறாரான்னு.

— நீ என்ன சொன்னே?

— ஆமாம், இன்னும் சரியா வேகலைன்னு சொன்னேன்.

— நன்னாச் சொன்னே போ.

— பின்னே? இட்லித் தட்டு வாங்க சாலை மார்க்கெட்டுக்குப் போன மனுஷன், இட்லித் தட்டை விட்டுட்டு இதை வாங்கிண்டு வந்தார்னு சொல்லலையே. உங்க மானத்தை அவ்வளவு காப்பாத்தினேன்.

— சத்தியமா பெரிய உபகாரம். கேட்டயா அனந்தம், நீ கல்யாணமாகி வந்த அன்னிக்கே டம்ளரைத் தூக்கிண்டுதான் குடிக்கணும்னு சொன்னே, கேட்டேன். இன்னிக்கு வரைக்கும் என் காப்பியில நீ ஒரு வாய் குடிச்சதில்லை. அதுக்கும் நான் ஒண்ணும் சொன்னதில்லை. இதையும் உதட்டுல படாம தூக்கிண்டு ஊதிப் பார்த்தேன், சத்தியமா. சத்தம் வரலை.

— மதி மதி, போறும். சிரிப்புக் காட்டாதேங்கோ, எனக்கு விளக்கேத்தணும். விளக்கேத்தி வீணையை வெச்சாச்சுன்னா பூஜவெப்பு முடிஞ்சுது. விஜயதசமி காலம்பற எடுக்கற வரைக்கும் இந்தாத்துல ஒருத்தரும் ஒண்ணும் வாசிக்கப்படாது. அந்த நிம்மதியாவது கிடைக்கட்டும்.

— அந்த விஜயதசமியைத்தான் நானும் சொல்றேன். உன் சிஷ்யாள் எல்லாம் வந்து வரிசையா உக்காருவா. மணையிலேர்ந்து வீணையை எடுத்து ஒவ்வொருத்தியா வாசிப்பா. நான் என்ன பண்ணுவேன்? எல்லாருக்கும் தொன்னையில சுண்டல் விளம்புவேன். கச்சேரின்னா உன் வீணையை ஆட்டோல மடியில வெச்சுண்டு வருவேன், மேடையில இறக்கிட்டுக் கடைசி வரிசைக்குப் போவேன். அதுல எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா ஒரே ஒரு வருஷம், என்னோடதுன்னு ஒண்ணை நானும் அங்கேர்ந்து எடுக்கணும். அவ்வளவுதான்.

— இதைக் காலம்பறயே சொல்லப்படாதோ?

— சொன்னா நீ சிரிப்பே.

— இப்பவும் சிரிக்கத்தான் செய்யறேன். சரி, ஒண்ணு பண்ணுங்கோ. நான் விளக்கேத்தறதுக்குள்ள, கீழ ஸ-விலேர்ந்து மேல ஸ வரைக்கும் வாசியுங்கோ. எல்லா ஸ்வரமும் அததோட இடத்துல வரட்டும். அப்பறம் எச்சிலைப் பத்தி ஆலோசிக்கலாம்.

— ஆலோசிக்கலாமா, வெக்கலாமா? ஆபீஸ்ல நானும் நிறையப் பேர்கிட்ட ஆலோசிக்கலாம்னு சொல்லி அனுப்பினவனாக்கும்.

— முதல்ல வாசியுங்கோ.

— இதோ... எப்படி?

— த வரைக்கும் நன்னாயிருந்தது. அப்பறம் நி-யை விட்டுட்டு மேல ஸ-வுக்குக் குதிச்சு, ஐயோ மறந்துட்டேனேன்னு நி-க்கு இறங்கி வந்தேள். மாடிக்குப் போனவர் கடைசிப் படியை மிதிக்கலைன்னு திரும்பி வந்து மிதிச்ச மாதிரி.

— கடைக்காரன் சொன்னபடிதானே பண்றேன்? ஒவ்வொரு ஓட்டையிலயும் முதல்ல ஊது, அப்பறம் இழு. ஸ ஊது, ரி இழு. க ஊது, ம இழு. ப ஊது, த இழு. அடுத்த ஓட்டைக்குப் போய் ஊதினா, அங்கதான் அது என்னை ஏமாத்தறது.

— அந்த ஓட்டையில மட்டும் தலைகீழ். முதல்ல இழுக்கணும், அப்பறம்தான் ஊதணும். த-வும் இழுப்பு, நி-யும் இழுப்பு. ஒண்ணுமேல ஒண்ணா இழுத்தா நெஞ்சு ரொம்பிடும். அதனால ப-விலயே நன்னா ஊதிக் காலி பண்ணிக்கணும். நி இழுக்கறச்சே நாக்கு நுனியில இரும்பு மாதிரி ஒரு ருசி தட்டும். அதுக்கு பயந்து வாயை எடுத்துடப்படாது.

— அனந்தம்.

— என்ன?

— தலைகீழ்னு நீ காதால கேட்டே கண்டுபிடிச்சிருப்பே, அதை ஒத்துக்கறேன். இரும்பு ருசி எந்தக் காதுல கேட்டது?

— அடுப்புல சுண்டல் இருக்கு, நான் போறேன்.

— சுண்டல் இறக்கியாச்சு. நானாக்கும் இறக்கினேன்.

— பின்னே என்ன பண்றது? காலம்பறயும் சாயங்காலமும் நி இல்லாம ஒருத்தர் வாசிச்சுண்டே இருந்தா, கேக்கறவளுக்குப் பைத்தியம் பிடிக்காதா? நீங்க வெளியில போயிருந்தப்போ எடுத்து, வெந்நீர்ல நன்னா அலம்பிட்டு, அது எங்க ஒளிஞ்சிண்டிருக்குன்னு தேடினேன். அப்பறம் திரும்பவும் அலம்பி வெச்சேன்.

— அதான் அன்னிக்கு சாயங்காலம் ஊதினப்போ மூஞ்சியில தண்ணி தெறிச்சுதா? நான் என் எச்சில்னுன்னா நினைச்சுண்டேன்.

— சிரியுங்கோ, நன்னாச் சிரியுங்கோ.

— கண்டுபிடிச்சதை எங்கிட்ட ஏன் சொல்லலை?

— எப்படித் தெரியும்னு கேப்பேளேன்னுதான்.

— சரி, இப்போ பாரு. ப-வில காலி பண்ணியாச்சு... போச்சு. திரும்பவும் ஊதிட்டேன்.

— கடைக்காரனை மறந்துட்டு வாசியுங்கோ. இன்னொரு தடவை.

— ...போச்சு. வாய்க்கு இதே பழகிடுத்து. விடு அனந்தம், கரமனைத் தெரு முழுக்க விளக்கேத்தியாச்சு. நீ போய் வீணையை வை. இது அலமாரியில இருக்கட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.

— அடுத்த வருஷம் வரைக்கும் என்னால நி இல்லாம இருக்க முடியாது. இப்படி நகர்ந்து உக்காருங்கோ. நான் வாசிக்கறேன், வாயையே பார்த்துண்டு இருங்கோ.

— இரு, குழாயில அலம்பிண்டு வந்துடறேன்.

— வேண்டாம். அப்படியே குடுங்கோ.