‘ஒண்ணும் வரலை’ என்ற சொல்லை எங்கள் வாயிலிருந்து எடுத்தவருக்கு

எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய அம்மையீர்! குளிர்பெட்டிக் கதவு சரியாகச் சாத்தவில்லை என்பதை அடுத்த அறையிலிருந்தே அறியும் செவியுடையீர்! துளி அளக்கும் பிப்பெட்டின் முனையில் நடுங்கும் சொட்டுக்குள் ஒரு குடும்பத்தின் நடுக்கத்தையும் கண்டவரே! சிக்கனத்துக்காகச் சிரத்தையையும், சிரத்தைக்காகச் சிக்கனத்தையும் விட்டுக்கொடுக்காத சீரியவரே! பணி ஓய்வு பெறும் உங்களுக்கு வணக்கம்.

எச்.ஐ.வி.க்கு மருந்து சாப்பிடுகிறவரின் உடலில் அந்த மருந்து வேலை செய்கிறதா என்று அறிய, இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்ப்பதே வழி. அளக்கும் பெரிய இயந்திரம் நம்மிடமும் ஒன்று இருந்தது. அதற்கான மருந்துப் பெட்டி எட்டாத விலை. எட்டினாலும் வந்து சேராது. இயந்திரம் துணி போர்த்திக்கொண்டு தூங்கியது. நோயாளிகள் ‘அடுத்த மாதம் வாங்க’ என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுத் திரும்பினார்கள். அந்தத் துணியைப் பார்த்துப் பொறுக்காமல்தான், மூலையில் கிடந்த சின்ன இயந்திரத்திலேயே நடத்தக்கூடிய மலிவான சோதனை ஒன்றை உருவாக்க நீங்கள் இறங்கினீர்கள். கரைசல்களை இங்கேயே கலந்தீர்கள். ஒரு சோதனைக்கான மருந்தில் இரண்டு சோதனை நடத்தக் கற்றீர்கள். பனிக்கட்டிப் பெட்டி போகாத ஊர்களிலிருந்து, தடித்த தாளில் உலர்த்திய இரத்தப்பொட்டு சாதாரண உறையில் பேருந்து ஏறி வர வழி செய்தீர்கள்.

ஒன்றில் மட்டும் கை வைக்க விடவில்லை. ஒவ்வொரு குழாயிலும் வைரஸோடு தொடர்பில்லாத, நமக்குத் தெரிந்த பொருள் ஒன்றைச் சிறிது சேர்க்கிறோம். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். திரையில் அதன் கோடு எழுந்தால் சோதனை நடந்திருக்கிறது. எழாவிட்டால் சோதனையே நடக்கவில்லை. “இதை எடுத்துட்டா விலை இன்னும் இறங்குமே” என்று யார் சொன்னாலும், “சோத்துல உப்பைக் குறைக்கலாம், அரிசியைக் குறைக்க முடியாது” என்பீர்கள். அதனால்தான் உங்களுக்குக் ‘கன்ட்ரோலம்மா’ என்று பெயர் வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் நீங்கள் எங்களை அடக்கி ஆள்வதால் வந்த பெயர் என்று நினைத்தார்கள். அதுவும் முழுப் பொய் இல்லை.

மேலே சொல்லவேண்டியது ஒரே ஒரு நாளைப் பற்றி. எங்களில் பலர் அப்போது பணியில் சேரவில்லை. ஆகவே அவர்களுக்குச் சொல்வதுபோல, உங்களைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திச் சொல்கிறோம். சம்பந்தப்பட்ட தாயின் சம்மதத்தோடுதான் சொல்கிறோம். பொறுத்தருள்க.

அன்று மதிப்பீட்டுக் குழு வந்திருந்தது. அவர்கள் கொண்டுவந்த மாதிரிகளில் நம் சோதனை சரியான விடை தந்தால், எல்லா மருத்துவமனைக்கும் அது போகும். குழாய்கள் ஏறி, இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது. கன்ட்ரோலம்மா குழுத் தலைவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில், நாங்கள் ‘அவசரம்’ என்று அழைக்கும் டெக்னீஷியன், முந்தைய ஓட்டத்தின் முடிவைப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்க் கட்டடத்துப் பிரசவ வார்டில், எச்.ஐ.வி. உள்ள ஒரு பெண்ணுக்கு வலி தொடங்கியிருந்தது.

“அந்த அம்மாவுக்கு ஒண்ணும் வரலை சிஸ்டர்” என்றார் அவசரம்.

மறுமுனையில் சிஸ்டர், “அப்பாடா!” என்றது அறை முழுக்கக் கேட்டது. போன் வைக்கப்பட்டது.

கன்ட்ரோலம்மாவின் கை நாற்காலியிலேயே நின்றுவிட்டது. “ஏம்பா, அவங்க எதுக்கு அப்பாடான்னாங்க?”

“தெரியலையே அக்கா. திரும்ப ரத்தம் எடுக்கச் சொன்னா சந்தோஷப்படவா செய்வாங்க?”

கன்ட்ரோலம்மா திரையைத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பெண்ணின் குழாயில் வைரஸின் கோடு எழவில்லை. கன்ட்ரோலின் கோடும் எழவில்லை. இரண்டும் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தன. நம் கூடத்தில் ‘ஒண்ணும் வரலை’ என்றால் சோதனை கெட்டுவிட்டது என்று பொருள். வார்டில் அதே சொல்லுக்கு வைரஸ் இல்லை என்று பொருள். இத்தனை காலம் இரண்டு கட்டடமும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு மொழி பேசியிருக்கின்றன.

போன் போட்டார், லைன் பிஸி. மறுபடி போட்டார், மறுபடியும் பிஸி. வெள்ளைக் கோட்டோடே முற்றத்தைக் கடந்து ஓடினார். உடம்பில் முட்டிவலி இருப்பதே அவருக்கு அப்போது ஞாபகமில்லை.

“என்னக்கா நீங்களே வந்துட்டீங்க? டாக்டர்கிட்ட சொல்லிட்டேனே, சுகப்பிரசவமே பார்த்துடலாம்னுட்டாங்க” என்றார் சிஸ்டர்.

“சிஸ்டர், வரலைன்னு சொன்னது வைரஸை இல்ல. டெஸ்ட்டே வரலை. ரத்தம் எந்த ட்யூப்ல எடுத்தீங்க?”

சிஸ்டரின் முகம் மாறியது. “ஊதா மூடி தீர்ந்துபோச்சுக்கா. பச்சை மூடியில எடுத்து, நீங்க திருப்பி அனுப்பிடுவீங்களேன்னு அப்புறம் கிடைச்ச ஊதாவுல ஊத்திக் கொடுத்தேன். ரத்தம் ரத்தம்தானேன்னு…”

பச்சை மூடிக் குழாய்க்குள் இரத்தம் உறையாமலிருக்கத் தடவியிருக்கும் மருந்து, நம் சோதனையை அப்படியே அமுக்கிப் போட்டுவிடும். மூடியை மாற்றலாம், உள்ளே கலந்ததை மாற்ற முடியாது.

டாக்டர் வந்தார். “வைரஸ் அதிகமா இருந்தா பிறக்கும்போதே குழந்தைக்குத் தொத்திக்கும். அளவு தெரியாதுன்னா ஆபரேஷன்தான் பாதுகாப்பு. ஆனா இவங்களுக்கு ரத்தம் ரொம்பக் கம்மி. தேவையில்லாம கத்தி வைக்கவும் பயமா இருக்கு. வைரஸ் அதிகம்னு தெரிஞ்சா ஆபரேஷன் பண்ணி, குழந்தைக்கு ரெண்டு மருந்தா ஆரம்பிப்பேன். தண்ணிக்குடம் இன்னும் உடையலை. உடைஞ்சுட்டா ஆபரேஷனால பெரிய பலன் இருக்காது, அதுக்குள்ள சொல்ல முடியுமா?”

கட்டிலில் இருந்த பெண் கன்ட்ரோலம்மாவின் கோட்டு நுனியைப் பிடித்தாள். “எனக்கு ஒண்ணுமில்லைன்னு இப்பதானேக்கா சொன்னாங்க?”

ஆறுதலாக ஒரு பொய் சொல்ல எல்லா வசதியும் இருந்தது. கன்ட்ரோலம்மா சொன்னார்: “இன்னும் தெரியலைம்மா. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டோம். பார்த்துட்டுச் சொல்றேன்.”

ஊதா மூடிக் குழாயில் எடுத்த புது இரத்தத்தோடு அவர் திரும்பியபோது இயந்திரம் குழுவின் மாதிரிகளோடு ஓடிக்கொண்டிருந்தது. ஓடுவதை இடையில் நிறுத்தினால் உள்ளே இருப்பது அத்தனையும் வீண். முடியும்வரை காத்திருந்தால், தண்ணிக்குடம் காத்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது. விஷயத்தைக் கேட்டு அவசரத்தின் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆனாலும், இரத்தத்தைப் பிரித்துக் குழாயில் சேர்க்கும் வேலையை அவர் தொடங்கிவிட்டார்.

“பெரிய மெஷின்ல போடக் கூடாதா?” என்றார் குழுத் தலைவர்.

“அதுக்குப் பெட்டி வந்தாத்தானே சார். அது வராததாலதானே நீங்க இங்க வந்திருக்கீங்க.”

“நிறுத்தினா நாங்க கொண்டுவந்த மாதிரிகள் அத்தனையும் போச்சு. மறுபடி கொண்டுவர முடியாது. உங்க டெஸ்ட் முடிவு தரலைன்னு நான் எழுத வேண்டியிருக்கும்.”

“எழுதிக்கோங்க சார்.”

நிறுத்தினார். இயந்திரத்து விசிறியின் இரைச்சல் மெல்ல அடங்கியது. குழுவின் குழாய்களை எடுத்துவிட்டு, அந்தப் பெண்ணின் குழாயை உள்ளே வைத்தார்.

அதன்பின் காத்திருந்த நேரத்தைப் பற்றி என்ன சொல்ல! வார்டிலிருந்து போன் வந்தபோதெல்லாம் தண்ணிக்குடம் உடைந்துவிட்டதோ என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவசரம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதலில் ஒரு கோடு எழுந்தது. சீக்கிரம் எழுந்தால் வைரஸ் அதிகம் என்று பொருள். அது வெகு சீக்கிரம், செங்குத்தாக எழுந்தது. “ஐயோ” என்றார் அவசரம். “இரு, கன்ட்ரோல் வரட்டும்” என்றார் கன்ட்ரோலம்மா. கன்ட்ரோலின் கோடும் எழுந்தது.

“டாக்டர், டெஸ்ட் சரியா நடந்திருக்கு. வைரஸ் நிறைய இருக்கு. ரெண்டையும் எனக்குத் திருப்பிச் சொல்லுங்க.”

போனின் மறுமுனையில் டாக்டர் திருப்பிச் சொன்னார். அறுவை அறையின் விளக்கு எரிந்தது. கன்ட்ரோலம்மா மீண்டும் முற்றத்தைக் கடந்துபோய், ஸ்ட்ரெச்சரோடு நடந்துகொண்டே அந்தப் பெண்ணிடம் உள்ளதைச் சொன்னார். அவள் அழுதாள், பிறகு, “அப்ப சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்க” என்றாள்.

பெண் குழந்தை. இரண்டு மருந்தும் அன்றே தொடங்கியது. ஆறாவது வாரம் குழந்தையின் குதிகாலில் எடுத்த இரத்தப்பொட்டு நம் மேசைக்கு வந்தபோது, அதை வேறு யாரும் தொடக் கன்ட்ரோலம்மா விடவில்லை. அந்த ஓட்டம் முடியும்வரை சாப்பிடவும் இல்லை. முடிவைச் சொல்லப் போனையும் எடுக்கவில்லை, நேரே நடந்தார்.

“டெஸ்ட் சரியா நடந்துச்சு. குழந்தை ரத்தத்துல வைரஸ் இல்லை. இன்னும் ரெண்டு தடவை பார்க்கணும், ஆனா இன்னைக்கு நிலவரத்துக்கு வைரஸ் இல்லை.”

அந்தத் தாய் உடனே சிரிக்கவில்லை. “டெஸ்ட் சரியா நடந்துச்சுங்கிறதை இன்னொரு தடவை சொல்லுங்க” என்றாள். சொன்னார். அதன்பிறகுதான் குழந்தையை முகத்தோடு சேர்த்துக்கொண்டாள். அடுத்த இரண்டு சோதனையிலும் அதே விடைதான் வந்தது.

அம்மையீர், இனி உங்களிடமே பேசுகிறோம். குழுத் தலைவர் சொன்னபடியே எழுதினார். நம் சோதனை ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போனது. அந்த ஓராண்டில் அளவு தெரியாமல் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களை நினைத்து நீங்கள் சன்னலோரம் நின்றதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ‘நான் செய்தது சரி’ என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. குழு மறுபடி வந்தது. இம்முறை ஏற்றுக்கொண்டது, ஒவ்வொரு குழாயிலும் கன்ட்ரோலோடு. இன்று அந்தச் சோதனை நடக்கும் இடங்களிலெல்லாம் முதலில் ‘சோதனை நடந்ததா’ என்று சொல்லி, அதன்பிறகே ‘வைரஸ் எவ்வளவு’ என்று சொல்கிறார்கள். கேட்பவர் திருப்பிச் சொன்ன பிறகே போனை வைக்கிறார்கள்.

உங்கள் முட்டிவலி தீரட்டும். போன் அலறாத காலைகள் உங்களுக்கு நிறைய வாய்க்கட்டும். ஆற அமரச் சாப்பிட்டு, நினைத்த நேரத்தில் தூங்கி, நெடுங்காலம் நலமோடு நிறைவோடு வாழ்க! வாழ்க!

எங்களுக்குப் பயமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. நாளைக் காலை இயந்திரத்தின் முன் நாங்கள் மட்டும் நிற்போம். என்றாவது ஒருநாள் அப்படி ஒரு போன் வரும். அப்போது கதவைத் திரும்பிப் பார்த்தால் நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். நிறுத்த வேண்டியதை நாங்களே நிறுத்துவோம்.

அந்த வாக்கோடு உங்களை வழியனுப்பும்,
வைரஸ் அளவுச் சோதனைக் கூடத்தாரும்
பிரசவ வார்டுப் பணியாளர்களும்