சகலை விற்ற மோட்டார்

...இல்ல தம்பி, நீயே சொல்லு. சொந்தச் சகலை. எம் பொண்டாட்டி மல்சுனோட அக்கா புருஷன். அந்த மனுஷன் இப்படி ஒரு பழைய மோட்டார் படகை எந்தலையில கட்டலாமா? நீ பாட்டுக்கு மோட்டாரைப் பிரி, நான் பாட்டுக்குப் பேசறேன்.

படகு பழசுதான், ஒத்துக்கறேன். போன வருஷம் விக்கறப்ப மோட்டாரைப் பத்தி அந்தச் சகலை, சாங்குன் அண்ணன், சத்தியமே பண்ணாரு, கண்ணாட்டம் வெச்சிருந்தேன்னு. குளிரு விட்டதும் எடுத்துட்டுப் போனா, இழுக்க இழுக்க இருமுது. சூடு தணிக்க மோட்டாரு பக்கவாட்டுல தண்ணி பீச்சணுமில்ல, சொட்டுக்கூட வரல. சூடேறி நடுக்கடல்ல நின்னுருச்சு. துடுப்பு போட்டு வந்தேன்யா. தோங்யோங் கரையில சிப்பி உரிக்கிறவளுக எல்லாம் கைதட்டறாளுக.

விட்டேனா? மீன் சந்தையில நாலு பேரு முன்னாடி அண்ணனை நறுக்குன்னு கேட்டுட்டேன்.

அதுலேர்ந்து அக்காளுக்கும் தங்கச்சிக்கும் பேச்சே இல்ல. முன்னாடியே கிம்ச்சியில, அந்தக் கோசு ஊறுகாயில வேற தகராறு. குளிருக்கு ரெண்டு பேரும் சேந்துதானே போடுவாங்க. இந்த வருஷம் ஜாடியைத் தொறந்தா ஒரு வாடை, மண்டையைப் பொளக்குது. "அக்கா கொண்டுவந்த மொளகாப்பொடி"ங்கறா இவ. "நீ ஊத்தின மீன்சாறு"ங்கறா அவ. உனக்கும் ஒரு டப்பா வந்திருக்குமே... நாய்க்குப் போட்டியா? நாயும் திங்கலையா? சரி விடு. பாவம், மல்சுன் உக்காந்து உக்காந்து அழறா. எனக்கே மனசு கேக்கல.

அதான் இன்னைக்குத் தீத்துடலாம்னு அண்ணன், அக்கா, மல்சுன் மூணு பேரையும் இங்க வரச்சொல்லிட்டேன். நீ ஒரே ஒரு வார்த்தை சொல்லு, "வரும்போதே செத்த மோட்டாரு"ன்னு. இல்லேன்னா எம் மானம் கப்பலேறிடும்.

பராமரிப்பா? என்னையப் பாத்தா கேக்கற? கடலுக்குப் போயிட்டு வந்தா நல்ல தண்ணியில ஓட்டிக் கழுவாம வீட்டுக்குள்ள காலு வெச்சதில்ல. டிசம்பர்ல கடைசியா மூடி வெச்சப்பகூட கழுவித்தான் வெச்சேன். அன்னைக்குப் பாத்து குழாய் உறைஞ்சு கெடக்கு. மல்சுன் செவப்பு ரப்பர் தொட்டி நெறைய தண்ணி புடிச்சு வெச்சிருந்தா. கோசு மெதந்துச்சு. ஒதுக்கி விட்டுட்டு மோட்டாரை எறக்கி, கொஞ்ச நேரம் ஓட்டி... உப்புத்தண்ணிதாம்ப்பா, கிம்ச்சிக்குக் கோசு ஊறப்போட்டது. அதுக்கென்ன? கடல்ல கெடக்கிற சாமானுக்கு உப்பு புதுசா?

ஏன் ஸ்பேனரைக் கீழ வெச்சுட்ட?

கோசா? தொட்டியிலயே விட்டுட்டேன். எண்ணெ கொஞ்சம் மெதந்துச்சு, கையால வழிச்சுக் கொட்டிட்டுத்தானே...

...ஓ.

மொளகாப்பொடி இல்லையா அப்ப.

என்னா அது, தண்ணி உறிஞ்சற ஓட்டைக்குள்ள? பாசி. பாசிதான் தம்பி. ஏன், பாசியில நரம்பு இருக்கக்கூடாதா? உள்ள அது என்ன வெள்ளையா... உப்பா? இவ்ளோவா? கடலுப்பைவிட தொட்டியுப்பு சாஸ்தியா? இதெல்லாம் ஒரு மனுஷன் முன்கூட்டியே சொல்லவேண்டாமா?

மூடு. அதை மூடு மொதல்ல. அந்தா வர்றாங்க பாரு, மூணு பேரும். சிரிக்காதய்யா, குடும்பம் போயிடும். குடு அந்தக் கோசு எலையை இப்படி. எங்க போடறது, எம் பையிலயா, அவ தொவைக்கறப்ப பாத்துருவாளே... நானே தின்னு...

தூ. பெட்ரோலேதான்.

வாங்கண்ணே, வாங்க, வாங்க. உக்காருங்க. வாயிலயா? ஒண்ணுமில்லண்ணே. கிம்ச்சி.